ஒரு தபால்காரர் கட்டிய மாளிகையும் என் வாப்பாவின் கல் சாக்கும்



போன ஆகஸ்ட் லீவில் பிரான்சுக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். ஈஃபிள் கோபுரம் பார்த்தீங்களா சேர் என்று பிள்ளைகளும் வகுப்பில் கேட்டார்கள். பார்க்கவில்லை. பாரிசில் விமானம் மாறியதோடு சரி. தங்கச்சி குடும்பம் இருப்பது லியோன் நகரத்தில். மூன்று கிழமையும் அங்கேதான் நின்றேன். போன இடங்களில் மனதை விட்டுப் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது இரண்டாயிரம் பேர்கூட இருப்பார்களோ என்று நினைக்க வைக்கும் ஒரு சின்னக் கிராமம். பெயர் ஓட்ரீவ்.

அங்கே என்னைக் கூட்டிப் போகச் சொன்னது மருமகள்தான். வயது பதின்மூன்று. "மாமா, மூத்தாப்பா போஸ்ட்மன் தானே? நான் ஒரு போஸ்ட்மன்ட வீட்டக் காட்டுறன் வாங்க" என்றாள். அவள் பிறக்க முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா சொன்ன கதைகளில்தான் அவளுக்கு மூத்தாப்பாவைத் தெரியும்.

மச்சான் காரை எடுத்தார். லியோனிலிருந்து தெற்கே ஒன்றேகால் மணித்தியாலம். பெரிய பாதையை விட்டு இறங்கியதும் சின்னச் சின்னக் குன்றுகள், சோளக் காணிகள், இடையிடையே பழைய வீடுகள். சில வீடுகளின் சுவர்களைப் பார்த்து மச்சானிடம் காரை மெதுவாக்கச் சொன்னேன். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கற்களை அடுக்கி, சாந்து பூசிக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்து மண்ணில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ட்ரோம் என்ற மாவட்டம் அது. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குப் பெயர் கலோர். ஆறு என்றால் நம் மகாவலி மாதிரி நினைத்துவிட வேண்டாம். நம் வாய்க்கால் அளவுதான். ஓட்ரீவ் என்றால் உயர்ந்த கரை என்று அர்த்தமாம், மருமகள் சொன்னாள்.

ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடை, மரநிழலில் வாகனம் நிறுத்தும் இடம். வேறு ஊராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போயிருப்போம். ஆனால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். எல்லோரும் வருவது ஒரு தபால்காரரின் தோட்டத்தைப் பார்க்க.

அவர் பெயர் ஃபெர்டினான் ஷெவால். ஷெவால் என்றால் பிரெஞ்சில் குதிரை. பெயர்தான் குதிரை, மனிதர் கால்நடையாகத்தான் தபால் கொடுத்தார். 1836இல் பக்கத்து ஊர் ஒன்றில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. முதலில் பேக்கரியில் வேலை பழகினார். பிறகு தபாலில் சேர்ந்தார். ஓட்ரீவைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தினமும் கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர் நடந்து கடிதம் கொடுத்தார்.

அப்படி நடந்துகொண்டே இருக்கிற மனிதனுக்கு மனம் சும்மா இருக்காது. அவர் மனதுக்குள் ஒரு மாளிகை கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று. நாளடைவில் அவருக்கே அது மறந்துபோனதாம். 1879 ஏப்ரலில் ஒருநாள், வழியில் ஒரு கல் தடுக்கி விழப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 43. என்னடா இது என்று குனிந்து பார்த்தால், விசித்திரமான வடிவத்தில் ஒரு கல். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் அதே இடத்துக்குப் போனால், அதைவிட அழகான கற்கள். இயற்கையே சிற்பம் செய்து தருகிறது, மேசன் வேலையை நான் பார்க்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு வந்தது அப்போதுதான்.

முதலில் பையில் கொண்டு வந்தார். பை கிழிந்தது. பிறகு கூடை. அதுவும் போதாமல், நம் மேசன்மார் வீல்பரோ என்று சொல்லும் ஒற்றைச் சக்கர வண்டி. காலையில் கடிதம் கொடுக்கும்போது நல்ல கற்களை வழியோரம் குவித்து வைப்பார். வேலை முடிந்ததும் வண்டியோடு திரும்பிப் போய் ஏற்றி வருவார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுவார். கட்டுவதற்கு ஒரு படமோ திட்டமோ இல்லை. சுண்ணாம்பு, சீமெந்து, உள்ளே கம்பி. ஊரார் பைத்தியம் என்றார்கள். அவர் நிறுத்தவில்லை. 1896இல் ஓய்வு பெறும் வரை பதினேழு வருடம், பகலில் தபால், இரவில் கல். ஓய்வு பெற்ற பிறகும் கல். 1912இல்தான் முடித்தார்.

முடித்த பிறகு கணக்கையும் அவரே சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்: 10,000 நாட்கள், 93,000 மணித்தியாலங்கள், 33 வருடங்கள். நான் கணித வாத்தியார் அல்லவா, நின்ற இடத்திலேயே பிரித்துப் பார்த்தேன். வருடத்துக்கு முந்நூறு நாள். நாளுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல். கல்லில் தடுக்கிய நாள் முதல் ஓய்வு வரை அவர் தபாலுக்காக நடந்த தூரத்தையும் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. பூமியை ஏறத்தாழ நான்கு தடவை சுற்றிய தூரம். அந்தக் கால்களோடு வந்துதான் கல் சுமந்திருக்கிறார்.

இனி மாளிகைக்கு வருகிறேன். இருபத்தாறு மீற்றர் நீளம். அழகா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் பார்வைக்குக் கறையான் புற்று போல இருக்கிறது. கிட்டப் போனால் கண் ஓயாது. மரம், பாம்பு, பறவை, சிப்பி, குகை, தூண், படிக்கட்டு. கிழக்குப் பக்கத்தில் மூன்று நெட்டை மனிதர்கள் நிற்கிறார்கள்: ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர், அவரை எதிர்த்துப் போராடிய வெர்சிஞ்ஜெத்தோரிக்ஸ், கணித மேதை ஆர்க்கிமிடீஸ். ஒரு தபால்காரரின் தோட்டத்தில் ஆர்க்கிமிடீசைக் கண்டதும் கணித வாத்தியாருக்குச் சந்தோஷம் வராமல் இருக்குமா? உருவச் சிலை விடயத்தில் நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக அந்த மனிதர் பட்ட பாட்டைக் காணாத மாதிரி வரவும் முடியவில்லை.

மேற்குப் பக்கம் போனபோது மருமகள் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இத வாசிங்க." சுவரில் பொறித்திருந்த சொல்லை அவளே வாசித்துக் காட்டினாள். பள்ளிவாசல். மினாராவோடு ஒரு பள்ளிவாசல்! அதே சுவரில் ஓர் இந்துக் கோயில், சுவிட்சர்லாந்து வீடு ஒன்று, அல்ஜியர்ஸ் நகரத்துச் சதுர வீடு, அமெரிக்க வெள்ளை மாளிகை, ஒரு பழங்காலக் கோட்டை. எல்லாம் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தூர தேசம் போக வசதியில்லாத மனிதர். ஆனால் அது தபாலட்டைகள் பரவத் தொடங்கிய காலம், படம் போட்ட சஞ்சிகைகள் வந்த காலம். அதெல்லாம் யார் கையால் போகும்? தபால்காரர் கையால். அடுத்தவர்களுக்கு வந்த அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழியில் உலகத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்ததில் எதையும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. நம் நாட்டில் படித்த நாங்கள், பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசியதும் அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை.

உள்ளே ஒரு நீளமான ஒடுக்கப் பாதை போகிறது. அதன் பக்கத்தில் ஒரு மாடத்தில் அந்த வீல்பரோவையே வைத்திருக்கிறார். தன்னோடு உழைத்த வண்டிக்கு மாளிகையில் ஓர் அறை கொடுத்திருக்கிறார் மனிதர். அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாப்பாவைப் பழையவர்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் போஸ்ட்மன். சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வரும் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாருக்குத் திண்ணையில் இருந்து வாசித்தும் காட்டுவார். யார் வீட்டுக் கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒரு சொல் எங்கள் வீட்டில் பேசியதில்லை. 1994இல் பென்ஷன் எடுத்தார்.

பென்ஷன் எடுத்த பிறகு அவர் ஒரு வேலை தொடங்கினார். அசர் தொழுதுவிட்டு, பழைய சைக்கிள் கெரியரில் ஓர் உரப்பையைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். வீடு கட்டும் இடங்களில் கழித்துப் போட்ட செங்கல் துண்டு, உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி எல்லாவற்றையும் பொறுக்குவார். மையவாடிக்குப் போகும் ஒழுங்கையில் உள்ள குழிகளில் கொண்டுபோய்க் கொட்டி, காலால் மிதித்து, மேலே மண் போடுவார். மழை வந்தால் கரைந்துவிடும். திரும்பவும் போடுவார். சின்னப் பிள்ளைகள் அவருக்கு "கல்லுப் போஸ்ட்மன்" என்று பெயர் வைத்தார்கள்.

நான் அப்போது புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர். வெள்ளைச் சேட்டு, கழுத்துப் பட்டி. ஒருநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார், "வாப்பாவுக்குப் பென்ஷன் காணாதா, குப்பை பொறுக்கிறாரே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டியிருக்கிறது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த வாப்பாவை மறித்தேன். "வாப்பா, எனக்கு ஸ்கூல்ல முகம் காட்ட ஏலாம இருக்கு. இந்த வேலய விடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் இல்லை. "சரி மகன்" என்றார். உரப்பையை அவிழ்த்துக் கிணற்றுக் கட்டில் சாத்தி வைத்தார். அதற்குப் பிறகு அவர் போகவேயில்லை.

ஏன் செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. அதுகூடக் கேட்கவில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் பேசியவன் நான். அதே வருடம்தான்.

2009இல், மாரி காலத்தில், வாப்பா மௌத்தானார். சந்தூக்கின் முன்பக்கம் என் தோளில். ஒழுங்கையில் நாவல் மரம் வரைக்கும் கால் உறுதியாக நின்றது. நாவல் மரம் தாண்டியதும் முழங்கால் அளவுக்குச் சேறு. என் கால் புதைந்து, சந்தூக் ஒரு பக்கம் சரிந்தது. பின்னால் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மோதினார் காக்கா வந்து என் பக்கத்தில் இருந்தார். "தெரியுமா தம்பி, முந்தி ஒருநாள் ஒரு பொம்புளப் பிள்ளைட ஜனாஸாவைக் கொண்டுபோகக்குள்ள அந்த இடத்துல தூக்கினவங்க தடுக்கி விழப் பார்த்த. ஒங்கட வாப்பா அதுல நிண்டவர். அண்டைக்கிருந்துதான் கல்லுப் போடத் தொடங்கின. நாவல் மரத்தடி வரைக்கும் போட்டார். பிறகு என்னத்துக்கோ விட்டுட்டார்" என்றார்.

என்னத்துக்கு விட்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. உம்மாவிடமும் சொன்னதில்லை.

ஓட்ரீவில் அந்த வண்டியின் முன்னால் நின்றபோது நான் நினைத்தது இதைத்தான். இருவரும் தபால்காரர்கள். இருவருக்கும் ஒரு தடுக்கல்தான் தொடக்கம். ஒருவர் தான் தடுக்கிய கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்தார். மற்றவர் அடுத்தவர் தடுக்காமல் இருக்கக் கல்லைத் தெருவுக்குக் கொண்டு போனார். இருவரையும் ஊர் பைத்தியம் என்றது. ஷெவாலைத் தடுக்க ஊரால் முடியவில்லை. என் வாப்பாவை நிறுத்த மகனின் ஒரு சொல் போதுமாக இருந்தது.

ஷெவாலின் வாழ்க்கையில் எல்லாம் சந்தோஷம் என்றும் நினைக்க வேண்டாம். முதல் மனைவியை இழந்தவர். அந்தக் கல் தடுக்கிய அதே 1879இல் ஒரு மகள் பிறந்தாள், ஆலீஸ் என்று பெயர். மாளிகை வளர வளர அவளும் வளர்ந்தாள். 1894இல் பதினைந்து வயதில் இறந்துபோனாள். மாளிகைக்குப் பக்கத்தில் அவள் பெயரை வைத்து ஒரு வீடு கட்டினார். அதன் பிறகும் பதினெட்டு வருடம் கல் சுமந்திருக்கிறார். மருமகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அவள் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

தான் கட்டிய மாளிகைக்குள்ளேயே தன்னை அடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிரெஞ்சுச் சட்டம் அனுமதிக்கவில்லை. அந்த மனிதர் வழக்குப் பேசவில்லை. கிராமத்து மையவாடியில் ஓர் இடம் எடுத்து, எழுபத்தெட்டாவது வயதில் திரும்பவும் கல் தூக்கத் தொடங்கினார். எட்டு வருடம். 1922இல் தன் கல்லறையைத் தானே கட்டி முடித்தார். 1924 ஆகஸ்டில், எண்பத்தெட்டு வயதில் இறந்து அதில் அடக்கமானார். நாங்கள் அதையும் போய்ப் பார்த்தோம். அமைதியும் முடிவில்லாத ஓய்வும் உள்ள கல்லறை என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தாராம்.

அந்த இடத்தில் நின்றபோது 2020, 2021 நினைவுக்கு வந்தது. எரிப்பார்களா, அடக்குவார்களா என்று நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள். பிறகு ஓட்டமாவடியில் கிடைத்த அந்த மண். ஒரு மனிதன் தனக்குரிய ஆறடியை எவ்வளவு பெரிதாக நினைக்கிறான் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாப்பாவின் கபுறில் இரண்டு மீசான் கட்டைக்கு மேல் ஒன்றும் இல்லை. அதுதான் நம் வழி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கட்டியது கபுறை அல்ல, கபுறுக்குப் போகும் பாதையை. அதையும் நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

லுஹர் நேரம் வந்ததும் கலோர் ஆற்றோரம் புல்லில் விரிப்பை விரித்து, கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். துஆவில் ஷெவாலின் மாளிகை ஒன்றும் வரவில்லை. உரப்பைதான் வந்தது, கிணற்றுக் கட்டில் சாத்தியபடி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாளிகையைப் பிரான்ஸ் அரசு சும்மா தூக்கிக் கொண்டாடவில்லை. அசிங்கம் என்று சொன்ன அதிகாரிகளும் இருந்தார்கள். பிக்காசோ போன்ற ஓவியர்கள் தேடி வந்து பார்த்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. கலாசார அமைச்சராக இருந்த அந்த்ரே மல்ரோ விடாப்பிடியாக நின்றதால்தான் 1969இல் அது பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமானது. அவர் இறந்து நாற்பத்தைந்து வருடம் கழித்து. இன்று அந்தக் கிராமத்துக் கடைகளில் பாதி வியாபாரம் அந்தப் பைத்தியக்காரரை நம்பித்தான் நடக்கிறது போலத் தெரிந்தது.

வெளியே வரும் வழியில் கடை இருந்தது. ஒரு தபாலட்டை வாங்கினேன். மேற்குச் சுவர், பள்ளிவாசல் தெரியும் படம். பின்பக்கம் தமிழில் நாலு வரி எழுதினேன். என்ன எழுதினேன் என்பது எனக்கும் வாப்பாவுக்கும் இடையில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். வாப்பாவின் பெயர், எங்கள் பழைய வீட்டு இலக்கம். மருமகள் முத்திரை ஒட்டிப் பெட்டியில் போட்டாள்.

நான் ஊருக்கு வந்து பத்து நாளைக்குப் பிறகுதான் அட்டை வந்தது. கொண்டு வந்தவர் புது போஸ்ட்மன், என்னிடம் படித்த பிள்ளைதான். வாசலில் தயங்கி நின்றார். "சேர், இது... ஒங்கட வாப்பாட பேருக்கு வந்திருக்கு" என்றார். தாங்க மகன் என்று வாங்கினேன். உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். நாளுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள், மோட்டர் சைக்கிளுக்குப் பெற்றோல் காசு காணுதா என்றெல்லாம் கேட்டேன். வாப்பாவிடம் கேட்காத கேள்விகள் நிறைய மிச்சம் இருந்தன.

அந்த ஒழுங்கை இப்போது கொங்கிரீட் போட்டாகிவிட்டது. நாவல் மரமும் இல்லை. எதைத் திருத்துவது என்றால் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர், அல்லது ஒரு பிள்ளை, யாருக்கும் விளங்காத ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். ஊர் சிரிக்கலாம். நீங்கள் வெட்கப்படலாம். நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் போய் இருந்து, ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு, முடிந்தால் சாக்கின் ஒரு முனையைப் பிடியுங்கள்.

என் வாப்பாவுக்காகவும், அவரைத் தடுத்த எனக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.